கல்பென் மோடியா, கல் பென்னா?

“சினிமாவுல நல்லா சம்பாதிக்கிறவரு எதுக்கு டீச்சர் அரசாங்க வேலைக்குப் போகணும்?” உயர்நிலை 4 வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். ஆளுமை பற்றிய கட்டுரைக்காக அமெரிக்க நடிகர் கல் பென்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல கேள்விதான்.

1977இல் நியூ ஜெர்சியில் குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் கல்பென் மோடி. நடிக்க வாய்ப்புத் தேடிய நாள்களில், ஆங்கிலப் பெயர் போல ஒலித்தால் கூடுதலாகக் கூப்பிடுவார்கள் என்று நண்பர்கள் சொன்னார்களாம். சரி, சோதித்துப் பார்ப்போமே என்று பெயரை இரண்டாக உடைத்துப் போட்டார். அழைப்புகள் கூடின. கூடியதுதான் வருத்தமான விஷயம்!

2004இல் ‘ஹெரால்ட் அண்ட் குமார்’ நகைச்சுவைப் படம் அவரைப் பிரபலமாக்கியது. அடுத்து மீரா நாயர் இயக்கிய ‘தி நேம்சேக்’. ஜும்பா லாகிரியின் நாவல் அது. கதைநாயகன் கோகோல், தன் பெயரை நிகில் என்று மாற்றிக்கொள்கிறான். பெயரை மாற்றிய நடிகருக்குப் பெயரை மாற்றும் பாத்திரம்! மாணவர்கள் இந்த இடத்தைக் கட்டுரையில் தவறவிடக் கூடாது.

‘ஹவுஸ்’ தொடரில் மருத்துவராக நடித்துக்கொண்டிருந்தபோதே, 2008இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். ஊடகங்களில் ஆசிய அமெரிக்கர்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதே பாடம். தனக்கு வந்த வேடங்களையே ஆராய வேண்டிய பாடம் என்றுகூடச் சொல்லலாம்.

ஏற்கெனவே ஒபாமாவுக்காகப் பிரசாரம் செய்தவர், 2009இல் அந்தத் தொடரை விட்டுவிட்டு வெள்ளை மாளிகையில் சேர்ந்தார். அவர் போவதற்காகத் தொடரில் அந்த மருத்துவர் இறந்துபோவதாகக் கதை எழுதினார்கள். மக்கள் தொடர்புப் பணி. இளையர், ஆசிய அமெரிக்கர், கலைஞர் ஆகியோரின் கருத்துகளை அரசுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். சம்பளம் நடிகருடையது அல்ல, அரசு ஊழியருடையது. பெயரும் அப்படித்தான்: அலுவலகத்தில் அவர் கல்பென் மோடி.

மாணவியின் முதல் வரைவில் ஆண்டுகள் மட்டும் வரிசையாக இருந்தன. “ஒவ்வொரு தடவையும் எதை விட்டுட்டு எதை எடுத்தாரு, அதை எழுதும்மா” என்றேன். அப்புறம்தான் கட்டுரை நகர ஆரம்பித்தது.

இடையில் ஒரு படத்துக்காக விலகி, மறுபடி சேர்ந்து, 2011இல் அரசுப் பணியை முடித்துக்கொண்டார். 2016இல் ‘டெசிக்னேட்டட் சர்வைவர்’ தொடரில் அவருக்குக் கிடைத்த வேடம், வெள்ளை மாளிகை ஊழியர்!