சவலைப் பிள்ளைகளும் சர்க்கார் பணமும்

மணிலாக் கடலை பயிரிடும் அங்கத்தினர்கள் நம் சங்கங்களில் மிகுதி. தாம் விளைத்த கடலை செக்குக்கும், வறுகடலைக் கடைக்கும், பிண்ணாக்காகி மாட்டுத் தொட்டிக்கும் போவதை அவர்கள் அறிவர். அது மருந்து ஜாபிதாவில் ஏறியிருப்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில், கடலை விழுதால் ஆன ஓர் ஆயத்தச் சிகிச்சை உணவும் சேர்க்கப்பட்டது.

இவ்வுணவு 92 கிராம் எடையுள்ள பொட்டலமாக வருகிறது. ஒரு பொட்டலத்தில் 500 கலோரி சக்தி அடங்கியிருக்கிறது. நூறு பங்கில் ஏறக்குறைய 30 பங்கு பால் பவுடர், 28 பங்கு சர்க்கரை, 25 பங்கு கடலை விழுது, 15 பங்கு தாவர எண்ணெய்; எஞ்சிய சிறு பங்கு உயிர்ச்சத்துக்களும் தாதுப்புக்களும் ஆகும். சமைக்க வேண்டுவதில்லை, தண்ணீர் கலக்க வேண்டுவதில்லை. ஓரத்தைக் கிழித்துப் பிள்ளையின் கையில் கொடுத்தால் தானே உறிஞ்சித் தின்னும். 150 பொட்டலங்கள் கொண்ட ஓர் அட்டைப்பெட்டி, கடுஞ்சவலையுற்ற ஒரு குழந்தையை ஆறு முதல் எட்டு வாரங்களில் தேற்றிவிடப் போதுமானது. அந்தப் பெட்டியில் கடலை விழுது மட்டும் சுமார் மூன்றரைக் கிலோ.

யாருக்குக் கொடுப்பது என்று காண்பதும் எளிதே. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையை ஒரு நாடாவால் அளப்பார்கள். சுற்றளவு பதினொன்றரைச் சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடுஞ்சவலை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் நாடாவின் சிவப்பு நிறத்தைக் கண்டு அறிந்துகொள்ளலாம்.

இது வருமுன் நிலைமை வேறு. 1990-களில் இத்தகைய குழந்தைகளுக்குச் சிறப்பு மருந்துப் பால் கொடுக்கப்பட்டது. பால் நல்ல பால்தான். ஆனால் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும், கரைத்தபின் விரைவில் கெட்டுவிடும். ஆகவே தாயும் பிள்ளையும் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டியிருந்தது. வீட்டில் வேறு பிள்ளைகளும், விதைப்பை எதிர்நோக்கும் நிலமும் உள்ள தாய் எத்தனை நாள் அங்கே தங்குவாள்? 1996-இல் ஆந்த்ரே பிரியாந்த் என்ற பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர், நூட்ரிசெட் கம்பெனியின் மிஷெல் லெஸ்கானுடன் சேர்ந்து அந்தப் பாலின் சத்தையே கடலை விழுதில் ஏற்றினார். ரொட்டியில் தடவித் தின்னும் இனிப்பு விழுதுச் சாடியைப் பார்த்தபோது அவருக்கு இந்த யோசனை உதித்தது என்பர். விழுதில் நீர் இல்லாமையால் கிருமி எளிதில் வளர்வதில்லை. 2005-இல் நைஜர் நாட்டில் பஞ்சம் தலைகாட்டியபோது, எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு 60,000-க்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தது. பெரும்பாலோர் வீட்டிலிருந்தே தேறினர். 2007-இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் பிற ஐ.நா. அமைப்புகளும் கூட்டறிக்கை விடுத்து இம்முறையை ஏற்றுக்கொண்டன.

நம் நாட்டில் இதற்கு எதிர்ப்பு உண்டு என்பதையும் சொல்லவேண்டும். 2009-இல் யுனிசெப் தருவித்த பொட்டலங்களை இந்திய அரசாங்கம் நிறுத்தச் சொல்லிற்று. இது ஏற்கப்பட்ட கொள்கை அன்று என்று 2017-இல் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிற்று. பொட்டலம் வந்தால் அடுப்பங்கரை உணவு ஒதுக்கப்படும், கம்பெனிகள் கொழுக்கும் என்ற அச்சத்தை வீண் அச்சம் என்று நாம் தள்ளமாட்டோம். ஆனால் கையெலும்பு தெரியும் குழந்தைக்கு இது மருந்து. நோய் தீர்ந்தபின் அது கூழுக்கும் கீரைக்கும் திரும்ப வேண்டியதுதான். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால் வாதம் வளருகிறதேயன்றிக் குழந்தை வளருவதில்லை.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். ஐ.நா. மதிப்பீட்டின்படி 2024-இல் உலகில் கடுஞ்சவலையுற்ற ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 1 கோடியே 22 லட்சம். ஒரு பெட்டியின் கிரயம் ஏறக்குறைய 45 டாலர் என்று கொண்டால், தலைக்கு ஒரு பெட்டி வாங்க ஏறத்தாழ 55 கோடி டாலர் வேண்டும். இது ஐந்தொகை போன்ற ஒரு நாளைய கணக்கு என்பதை நினைவில் வைக்கவேண்டும். ஆண்டு முழுதும் புதிதாக நோயில் விழுவோரையும் சேர்த்தால் தொகை கூடும். ஆயினும் வல்லரசுகளின் வரவு செலவுத் திட்டத்தில் இது கண்ணில் படாத தொகை.

பணம் வருவதோ மனம் வைத்தால்தான். உலகில் விற்கும் இவ்வுணவில் ஏறக்குறைய முக்கால் பங்கை யுனிசெப்பே வாங்குகிறது. யுனிசெப்பிற்கு வரிப்பணம் கிடையாது. நாடுகளும் தனவந்தர்களும் தருவதே மூலதனம். 2022 மே மாதத்தில், மூலப்பொருள்களின் விலை ஏற்றத்தால் பொட்டலத்தின் விலை 16 சதவிகிதம் வரை உயரலாம், அதனால் மேலும் 6 லட்சம் குழந்தைகள் சிகிச்சை இழக்கலாம் என்று அது எச்சரித்தது. அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்க அரசாங்கம் 20 கோடி டாலர் அளித்தது. அதே அரசாங்கம் 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. ஜார்ஜியா மாநிலத்திலும் ரோட் ஐலண்டிலும் உள்ள இரு தொழிற்சாலைகளுக்குத் தந்திருந்த ஒப்பந்தங்கள் ரத்தாயின. சில நாளில் ரத்தும் ரத்தாயிற்று. பெட்டிகள் கிடங்கில் கிடந்தன. ஜூலை முதல் தேதியோடு அமெரிக்காவின் உதவித் துறையே மூடப்பட்டது. ஆகஸ்டில் அதன் வெளிவிவகார இலாகா இவ்வுணவுக்கென 9 கோடியே 30 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது.

பயிர்க் கடன் எப்போது வரவேண்டும் என்பதை நம் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விதைப்புக்குப் பின் வரும் கடன் கடனாக மட்டும் நிற்கும். சவலைக்கும் பருவம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் பழைய தானியம் தீர்ந்து புதுக் கதிர் வராத ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், ஆண்டுதோறும் தவறாமல், குழந்தைகள் மெலிகின்றன, மழைக்காய்ச்சலும் அப்போதுதான். தொழிற்சாலை கடலை வாங்கி, அரைத்து, சோதித்து, கப்பலேற்றி, லாரியில் கிராமம் சேர்ப்பதற்கு மாதங்கள் ஆகும். ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே கொள்முதல் உத்தரவு போகவேண்டும். 2025-இல் பணம் தடுமாறியதோ அந்த மாதங்களில்தான். வட நைஜீரியாவின் கட்சினா மாநிலத்தில், தன் சிகிச்சை நிலையங்களில் மட்டும் அவ்வாண்டின் முற்பாதியில் 652 சவலைக் குழந்தைகள் உரிய காலத்தில் சிகிச்சை கிட்டாமல் மாண்டன என்று மேற்சொன்ன மருத்துவர் அமைப்பு ஜூலையில் தெரிவித்தது.

இக்குறைக்குப் பரிகாரமாக யுனிசெப்பின் குழந்தைச் சத்துணவு நிதியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. நோயுள்ள நாட்டின் அரசாங்கம் தன் வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஒரு டாலர் போட்டால், நிதி மற்றொரு டாலர் போடும். அங்கத்தினர் பங்குத்தொகைக்கு ஈடாக அரசாங்கம் பங்கு சேர்க்கும் நம் சங்கங்களின் வழக்கத்தை இது ஒத்திருக்கிறது. தன் பணம் கலந்த காரியத்தைக் கவனிப்பதுபோல் இனாம் வந்ததை எவரும் கவனிப்பதில்லை. ஆகவே இதை நாம் பெரிதும் வரவேற்கிறோம். ஆயினும் கடனில் மூழ்கிய நாட்டிற்கு முதல் டாலரே மலை என்பதையும் மறுக்க முடியாது.

கடலை விளையும் நாடுகளிலேயே இவ்வுணவைச் செய்தால் என்ன என்று வாசகர் கேட்கலாம். செய்கிறார்கள். நைஜரின் தலைநகர் நியாமேயிலும், எத்தியோப்பியா, மலாவி, கென்யா நாடுகளிலும் தொழிற்சாலைகள் உண்டு. ஆனால் பால் பவுடரைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கவேண்டும். அதற்குச் சுங்கம், வட்டி, காத்திருப்பு. உத்தரவு நிச்சயமில்லாத ஆலைக்கு எந்த பாங்கி கடன் தரும்? ஆதலால் பக்கத்து ஊர்ப் பொட்டலம் கடல் கடந்து வந்ததைவிடச் சில சமயம் விலை கூடிவிடுகிறது.

மற்றொரு தடை பூஞ்சக்காளம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் திடீரென்று மடிந்தன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பிடித்த பூஞ்சக்காளத்தின் நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டார்கள். அஃப்ளாடாக்ஸின் என்னும் அந்த நஞ்சு ஈரலைக் கெடுப்பது. காய் முற்றும் தறுவாயில் வறட்சி கண்டாலும், பிடுங்கிய கொடி சரியாகக் காயாமல் ஈரத்தோடு மூட்டையானாலும் அது பெருகும். வறுத்தாலும் முழுதும் போவதில்லை. சிகிச்சை உணவுக்கு வரும் கடலையை ஆலைகள் தொகுதி தொகுதியாகச் சோதித்து, மிகினால் முழுத் தொகுதியையும் திருப்பிவிடுகின்றன. அப்படித் திரும்பிய மூட்டை சந்தைக்குப் போகிறது. விளைத்தவன் வீட்டுக் குழந்தையும் அதைத்தான் தின்கிறது. மலாவி நாட்டுச் சிறு விவசாயிகளின் தேசியச் சங்கம் கடலையைத் தரம் பிரித்து, நஞ்சைச் சோதித்து விற்கும் வேலையை மேற்கொண்டிருக்கிறது. அச்சங்கத்தார் அங்கத்தினருக்குச் சொல்வது நம் விஸ்தரிப்பு ஊழியர்கள் சொல்வதுதான்: காலத்தில் பிடுங்கு, கொடியோடு தலைகீழாக அடுக்கிக் காயவை, உடைந்த பருப்பையும் சுருங்கிய பருப்பையும் பிரித்து எடு, மூட்டையைத் தரையில் படாமல் கட்டையின்மேல் வை.