பேட்ஜைத் திருப்பிப் பாருங்க

எங்க காலத்துக் கோவில்பட்டிப் பசங்களைப் போல நானும் தீப்பெட்டி லேபிள் சேர்த்தவன்தான். அந்தப் பழக்கம் இப்போது எனாமல் பேட்ஜில் வந்து நிற்கிறது. குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி கொடுத்த பழைய நிறுவனங்களின் பேட்ஜ்கள். லண்டனில் 1892-ல் எமிலி வார்டு தொடங்கிய நார்லாண்ட் இதில் முன்னோடி. ஆயா வேலையைப் படிப்பும் பயிற்சியும் உள்ள தொழிலாக்கியது அது.

பேட்ஜ் கையில் கிடைத்தால் முதலில் பின்பக்கம் பாருங்க. பிரிட்டிஷ் வெள்ளி என்றால் குட்டி முத்திரைகள் இருக்கும். நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது. நடக்கும் சிங்கம் 92.5% வெள்ளிக்கு. தனி எழுத்து வருஷத்துக்கு. ஒரே எழுத்து பிற்பாடு திரும்பவும் வரும். அதனால் எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள கட்டத்தையும் சேர்த்தே வருஷம் கணிக்கணும்.

அசல் எனாமல் என்பது கண்ணாடித் தூள். சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலோகத்தோடு உருகி ஒட்டியது. அடிபட்டால் கண்ணாடி மாதிரி சில்லு தெறிக்கும். பித்தளைச் செம்பு என்று நினைத்துப் புளி போட்டு விளக்கிராதீங்க. தேய்க்கத் தேய்க்க முத்திரை மழுங்கும், வருஷமும் போச்சு.

எங்க பெரியம்மா கரிசல்காட்டுக் கிராமத்தில் பால்வாடி டீச்சர். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது பிள்ளைகளுக்குச் சோறு போட்ட தலைமுறை. அவங்க பேட்ஜைத் தேடினேன். அப்படி ஒன்று கொடுக்கவே இல்லையாம். டிரங்குப் பெட்டியில் கிடைத்தது, கரையான் அரித்த வருகைப் பதிவேடு ஒன்றுதான்.

என் எக்செல் பட்டியலில் அதற்கும் ஒரு வரிசை எண் போட்டிருக்கிறேன்.