வாரம் 1,992 டாலர்: தாதி மகளின் சம்பளக் காகிதத்தைப் பிரித்துப் பார்ப்போம்

உடல்நலப் பகுதியில் சம்பளக் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். முதுகு பிடித்துக்கொண்டு படுத்தால் அன்று கூலி உண்டா, மருந்துச் செலவு யார் தலையில் விழும் என்பதெல்லாம் உடல்நலத்தைச் சேர்ந்த கேள்விகள்தாம். தோட்டத்துப் பிள்ளைகள் தாதிகளாகிக் கடல் கடந்து போகும் இந்தக் காலத்தில் அந்தக் கேள்விகளும் கூடவே போகின்றன.

சென்ற மாதம் ஒரு தாயார் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். மகள் இங்கே சில ஆண்டுகள் தாதியாக இருந்துவிட்டு, அமெரிக்கா போய் முதல் ஒப்பந்தத்தை முடித்து, கிரீன் கார்டும் வைத்திருக்கிறாள். இப்போது ஒரு ஏஜென்சி அவளைக் கூப்பிடுகிறதாம்.

"இப்ப இருக்கிற ஆஸ்பத்திரியிலே வாரத்துக்கு 1,620 டாலர் தர்றாங்க. இவங்க 1,992 தர்றாங்களாம். 372 டாலர் அதிகம். இதுல யோசிக்க என்னய்யா இருக்கு?" என்றார்.

யோசிக்க நிறைய இருக்கிறது அம்மா.

அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் பற்றாக்குறை வரும்போது, ஏஜென்சி மூலம் தற்காலிகமாகத் தாதிகளை எடுப்பார்கள். இவர்களைப் பயணத் தாதிகள் என்பார்கள். பெரும்பாலும் 13 வார ஒப்பந்தம். வாரத்துக்கு மூன்று ஷிஃப்ட், ஒரு ஷிஃப்ட் 12 மணி நேரம், ஆக 36 மணி. அது முடிந்தால் வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கோவிட் காலத்தில் சில ஒப்பந்தங்கள் வாரம் 5,000 டாலரையும் தாண்டின. அந்தப் பேச்சு இன்னும் காற்றில் உலாவுகிறது; ஆனால் அந்தச் சம்பளம் 2022-இலேயே இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏஜென்சிக்கு ஒரு தொகை கட்டும். அதிலிருந்துதான் தாதியின் சம்பளம், முதலாளி கட்ட வேண்டிய வரி, இன்சூரன்ஸ், ஏஜென்சியின் பங்கு எல்லாம் போகும். ஒரே தொகையை எப்படி வேண்டுமானாலும் கூறு போட்டுக் காட்டலாம். ஆகவே, மொத்தத்தை விட்டுவிட்டுக் கூறுகளைப் பார்க்க வேண்டும்.

அந்தக் காகிதத்தில் இருந்த கூறுகள் இவை. மணிக்குச் சம்பளம் 22 டாலர், 36 மணிக்கு 792. வீட்டு அலவன்ஸ் 800. சாப்பாட்டு அலவன்ஸ் 400. கூட்டினால் 1,992. இதில் சம்பளம் என்பது 792 மட்டுமே. இப்போதைய ஆஸ்பத்திரியில் மணிக்கு 45 டாலர். அந்த 1,620-உம் முழுக்கச் சம்பளம். இது நமக்குத் தெரியாத விஷயமா? பயணப் படிக்கும் ஓவர்டைமுக்கும் ஈ.பி.எஃப். பிடிப்பதில்லை என்பதை நம் சம்பளச் சீட்டிலேயே பார்த்திருக்கிறோம். கையில் காசு கூடும், புத்தகத்தில் ஏறாது.

அலவன்ஸை ஏன் இவ்வளவு பெரிதாகப் போடுகிறார்கள்? அதற்கு வருமான வரி இல்லை, சோஷியல் செக்யூரிட்டி பிடிப்பும் இல்லை. அந்தப் பிடிப்பும் மெடிகேரும் சேர்ந்து தொழிலாளி பங்கு 7.65 விழுக்காடு, முதலாளி பங்கும் அதே அளவு. இரண்டு பக்கமும் மிச்சம்.

ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சொந்த இடத்தில் ஒரு வீட்டுச் செலவைத் தாங்கிக்கொண்டே, வேலைக்காக வெளியூரில் இன்னொரு வீட்டுச் செலவும் செய்கிறவருக்குத்தான் அது வரியில்லாத அலவன்ஸ். இரட்டைச் செலவை ஈடு செய்யும் பணம் அது. நிலையான இடம் ஒன்றும் இல்லாமல், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவரை வரி இலாகா ஊர் சுற்றித் தொழிலாளி என்று கணக்கெடுக்கும். அவருக்கு அந்த 1,200 டாலருக்கும் வரி உண்டு. ஒரே ஊரில் ஓராண்டுக்கு மேல் வேலை நீடிக்கும் என்று தெரிந்தாலும் அது தற்காலிக வேலையாகாது. அலவன்ஸுக்கு வரி வரும். வீட்டிலிருந்து 50 மைல் தள்ளி வேலை செய்தால் போதும் என்று தாதிகளுக்குள்ளே ஒரு பேச்சு உண்டு. வரிச் சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை.

"வீடு இருக்குதானே, இங்கே எங்க வீடு?" என்று அந்தத் தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வரிக் கணக்கில் வீடு என்பது பொதுவாக ஒருவருடைய முக்கிய வேலை இருக்கும் இடத்தை ஒட்டியது. மகள் அங்கே இருக்கும் அறையைக் காலி செய்துவிட்டுத்தான் போகப் போகிறாள். மலேசியாவில் அம்மா இருக்கும் வீட்டைக் காட்டி அந்தச் சலுகையை வாங்க முடியாது. ஏஜென்சி ஒரு பாரத்தைக் கொடுத்து, "எனக்கு நிலையான வீடு உண்டு" என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளும். பின்னால் வரி இலாகா கேட்டால் கையெழுத்துப் போட்டவள்தான் பதில் சொல்ல வேண்டும். பழைய வரி, வட்டி, அதற்கு மேல் 20 விழுக்காடு வரை அபராதமும் விழலாம்.

அடுத்தது ஓவர்டைம். நான்காவது ஷிஃப்ட் ஒன்று செய்கிறாள் என்று வையுங்கள். வாரம் 40 மணிக்கு மேல் போனால்தான் ஒன்றரை மடங்கு. முதல் 4 மணிக்கு 22 வீதம் 88 டாலர், மீதி 8 மணிக்கு 33 வீதம் 264 டாலர். ஆக 12 மணி நேரத்துக்கு 352 டாலர். பக்கத்துக் கட்டிலைப் பார்க்கும் நிரந்தரத் தாதி 45 டாலர் கணக்கில் அதே 12 மணிக்கு 720 டாலர் வாங்குவாள். பாதிக் கூலிக்கு உடம்பை முறித்துக்கொள்வதா என்று கேட்கத் தோன்றுகிறது. வேலை செய்த மணிக்கு ஏற்பக் கூடிக் குறையும் அலவன்ஸ் உண்மையில் சம்பளம்தான், ஓவர்டைம் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கலிஃபோர்னியா உள்பட ஒன்பது மேற்கு மாநிலங்கள் அந்த வட்டாரத்தில் அடங்கும்.

மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் காசு இல்லை என்பது பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். இவர்களுக்கும் அந்த மழை உண்டு. நோயாளிகள் குறைவு என்று ஆஸ்பத்திரி ஷிஃப்ட்டை ரத்து செய்யலாம். இரண்டு வாரத்துக்கு ஒன்றை ரத்து செய்யலாம் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கும். அந்த நாள் சம்பளம் 264 போகும். அலவன்ஸிலும் மூன்றில் ஒரு பங்கு, 400 டாலர், வெட்டப்படலாம். வீட்டுக்காரர் வாடகையைக் குறைப்பாரா? காய்ச்சலில் படுத்தாலும் இதே கதைதான்.

நோயாளியைத் தூக்கித் திருப்பி முதுகு போவது தாதி வேலையில் சாதாரணமாக நடப்பது. வேலையில் அடிபட்டால் கிடைக்கும் நஷ்ட ஈடு வாராந்திரச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும். அலவன்ஸைச் சம்பளமாகச் சேர்ப்பார்களா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சேர்க்காத இடத்தில் 1,992-ஐ நம்பி வாழ்ந்தவளுக்கு 792-ஐ வைத்துத்தான் ஈடு. வயதான காலத்து சோஷியல் செக்யூரிட்டியும் பிடிப்புக் கட்டிய சம்பளத்தைப் பொறுத்தது. மருத்துவ இன்சூரன்ஸ் சில ஏஜென்சிகளில் முதல் நாளிலிருந்தே உண்டு, சிலவற்றில் பிறகுதான். இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் அது அறுந்து போகலாம். கர்ப்பமாகும் எண்ணம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேலையைக் காப்பாற்றித் தரும் 12 வார விடுப்பு, ஒரு முதலாளியிடம் 12 மாதமும் 1,250 மணி நேரமும் வேலை செய்தவருக்குத்தான்; அதுவும் சம்பளம் இல்லாத விடுப்பு.

சரி, மகளுக்கு என்ன வழி? "எல்லாவற்றையும் சம்பளமாகவே போட்டுக் கொடுங்கள்" என்று ஏஜென்சியைக் கேட்கச் சொன்னோம். கேட்டாள். மணிக்கு 52 டாலர், வாரம் 1,872 என்றார்கள். கூடுதல் சம்பளத்துக்கு முதலாளி பங்கு வரி கட்ட வேண்டியிருப்பதால் கொஞ்சம் இறங்கியது. அது புரிகிற கணக்கு. ஓவர்டைமும் இனி 52 டாலரிலிருந்து கணக்காகும்.

இப்போது 1,620-உடன் ஒப்பிடலாம். வாரம் 252 அதிகம், 13 வாரத்துக்கு 3,276. இப்போது அவள் இருக்கும் அறைக்கு மாதம் 1,100 வாடகை. புது ஊரில் மூன்று மாதத்துக்கு மட்டும் என்றால் தட்டுமுட்டுச் சாமான்களோடு 2,000 கேட்கிறார்கள். மூன்று மாதத்தில் கூடுதல் வாடகை 2,700. மிச்சம் 576. வாரத்துக்கு 44 டாலர் சொச்சம், அதுவும் வரிக்கு முன்னால். ஒரே ஒரு ஷிஃப்ட் ரத்தானால் 624 போய்விடும், மிச்சம் மைனஸ். போக்குவரத்துச் செலவு, புது மாநிலத்து லைசென்ஸ் கட்டணம், சம்பளத்தோடு கூடிய லீவு இல்லாதது எல்லாம் இதில் சேரவில்லை.

எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டோம். அங்கே உண்மையாகவே ஒரு வீட்டைப் பராமரிப்பவருக்கும், வாடகை மலிவான ஊருக்குப் போகிறவருக்கும் நல்ல லாபம் நிற்கலாம். அவரவர் கணக்கு அவரவர் போட வேண்டும்.

முதல் தடவை போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். பிலிப்பைன்ஸ் தாதிகளிடம் 25,000 டாலர் அபராதம் கேட்ட ஒரு வழக்கில், அது கட்டாய உழைப்புக்கு எதிரான சட்டத்தை மீறியது என்று நியூயார்க் கூட்டரசு நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. சஞ்சிக்கூலி முறை இந்த நாட்டில் 1910-இல் ஒழிந்தது. பாட்டன்மார் கைநாட்டு வைத்த காகிதத்தை அவர்களால் படிக்க முடியவில்லை. நம் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியும்.

அந்த மகள் ஏஜென்சிக்கு இன்னும் மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறாள். வாரம் 36 மணி நேரம் உறுதி என்று எழுத்தில் தருவீர்களா? ஷிஃப்ட் ரத்தானால் என்ன வெட்டுவீர்கள்? இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும்? இன்சூரன்ஸ் கேள்விக்குப் பதில் வந்துவிட்டதாம். மற்ற இரண்டுக்கும் "போனில் பேசலாம்" என்கிறார்களாம். எழுத்தில் வரும் வரை கையெழுத்துப் போடாதே என்று அம்மா சொல்லிவிட்டார்.