அச்சில் ஒரு வெள்ளைப் பொட்டு

இருட்டில் லாரி ஓட்டுகிறவருக்கு வெளிச்சம் எங்கே வேண்டும்? முன்னால் என்றுதான் யாரும் சொல்வோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் ராணுவ லாரிகளில் ஒரு குட்டி விளக்கு வண்டியின் அடிவயிற்றில், பின்பக்கமாக ஒளிந்திருக்கும். அது சாலையைக் காட்டாது. பின் அச்சின் நடுவில் குடம்போலப் புடைத்திருக்கும் டிஃபரென்ஷியல் கூட்டைத்தான் காட்டும். அந்தக் கூட்டில் வெள்ளை பெயின்ட் அடித்திருப்பார்கள். மேலே பறக்கும் எதிரி விமானத்துக்கு அந்த வெளிச்சம் தெரியாது. பின்னால் வரும் டிரைவருக்கு மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். பொட்டு மங்கினால் பின்தங்கிவிட்டோம், பளிச்சிட்டால் மோதப்போகிறோம் என்று அர்த்தம். மற்ற விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு படையே இரவில் இப்படி நகர்ந்தது.

எண்பது ஆண்டு கழித்து, இங்கிலாந்தின் ஏதோ ஒரு கொட்டகையில் ஒருவர் மல்லாந்து படுத்துக்கொண்டு, கிரீஸும் மண்ணும் இறுகிப்போன அச்சைச் சுரண்டுகிறார். விரற்கடை அளவு வெள்ளை வெளியே வருகிறது. அவருக்கு அது புதையல். பழைய ராணுவ வண்டிகளை மீட்டெடுப்பவர்களின் மகிழ்ச்சி பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

அவர்கள் தேடுவதில் முக்கியமான ஒன்று, பீரங்கி இழுக்கும் வண்டி. பீரங்கி தானாக நகராது. முதல் உலகப் போர்வரை குதிரைகள் இழுத்தன. அடுத்த போரில் அந்த வேலை ‘குவாட்’ என்று அழைக்கப்பட்ட மோரிஸ் கமர்ஷியல் சி8 வண்டிக்கு வந்தது. வண்டின் முதுகுபோலச் சரிந்த கூரை, நான்கு சக்கரத்துக்கும் இழுவிசை, சேற்றில் சிக்கினால் மீட்க ஒரு வின்ச். குவாட்டுக்குப் பின்னால் குண்டுகள் அடங்கிய இரு சக்கரப் பெட்டி, அதற்கும் பின்னால் 25 பவுண்டர் பீரங்கி என்று மூன்றும் ரயில்போலக் கோத்துக்கொண்டு போகும். பெட்டியில் 32 குண்டுகள். பீரங்கியின் எடை மட்டும் ஒன்றரை டன்னுக்கு மேல். இத்தனையையும் இழுக்க 3.5 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 70 குதிரைத்திறன். இன்று குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் சிறிய காரிலேயே அதற்கு மேல் இருக்கிறது. மலைச்சாலையில் குவாட் எப்படி மூச்சு வாங்கியிருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம்.

அதைவிடக் கனமான பீரங்கிகளுக்கு ஏ.இ.சி. மேட்டடார். லண்டன் பஸ்களைச் செய்த சவுத்தால் தொழிற்சாலையில் பிறந்தது. 7.58 லிட்டர் டீசல் எஞ்சின், 95 குதிரைத்திறன், வயிற்றில் ஏழு டன் இழுக்கும் வின்ச். போர் முடிந்த பிறகு இந்த இரண்டு வண்டிகளுக்கும் நேர்ந்த கதியில்தான் என் வியப்பு இருக்கிறது.

போர் முடிந்ததும் ராணுவம் வேண்டாத வண்டிகளை ஏலத்தில் தள்ளியது. குவாட்டின் வண்டு முதுகில் மூட்டையும் ஏற்ற முடியாது, மரமும் ஏற்ற முடியாது. ஆகவே பெரும்பாலானவை இரும்புக்குப் போயின. மேட்டடார் அப்படியல்ல. வலுவான எஞ்சின், நான்கு சக்கர இழுவிசை, வின்ச் எல்லாம் இருந்ததால் மரம் வெட்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். சாலையில் கவிழ்ந்த லாரிகளைத் தூக்கும் பழுதுவண்டியாகவும் அது பல பத்தாண்டுகள் உழைத்தது. பின்பக்கத்து மரப்பெட்டியை அறுத்தெறிந்து கிரேன் வைத்தார்கள், கதவை மாற்றினார்கள், மஞ்சளும் சிவப்புமாக அடித்தார்கள்.

இன்று மேட்டடார்கள் கணிசமாக எஞ்சியிருப்பதற்கு அந்த முரட்டு வேலைதான் காரணம். ஆனால் அதை 1944ஆம் ஆண்டின் வண்டியாக மீட்க நினைப்பவர் முதலில் என்ன செய்கிறார்? அந்தக் கிரேனை அறுக்கிறார், மஞ்சளைச் சுரண்டுகிறார். எந்த வாழ்க்கை வண்டியைக் காப்பாற்றியதோ அதையே முதலில் அழிக்க வேண்டியிருக்கிறது. ராணுவத்தில் இருந்தது ஐந்தாறு ஆண்டு. காட்டில் உழைத்தது முப்பது ஆண்டு. எது அசல்?

கேள்வி அப்படியே இருக்கட்டும், சுரண்டலுக்கு வருவோம். கைதேர்ந்தவர்கள் பெயின்ட்டை மொத்தமாக எரித்து எடுப்பதில்லை. ஓரிடத்தில் ஈரமான உப்புத்தாளால் வட்டமாகத் தேய்ப்பார்கள். நடுவில் ஆழமாக, ஓரத்தில் மெலிதாகத் தேய்க்கும்போது ஒவ்வொரு பூச்சும் வளையமாகத் தெரிய ஆரம்பிக்கும். வெட்டிய மரத்தின் ஆண்டு வளையம் மாதிரிதான். மேலே மர வியாபாரியின் மஞ்சள், அதன்கீழ் போருக்குப் பிந்தைய பளபளப்பான கரும்பச்சை, பிறகு 1944இன் ஆலிவ், அதற்கும் கீழே பழுப்பு, கடைசியில் செந்நிற முதற்பூச்சு.

அந்தப் பழுப்பைக் கண்டு குழம்பாதவர்கள் குறைவு. மழை ஓயாத பச்சைத் தீவில், ராணுவ வண்டிக்கு எதற்குச் சேற்றுப் பழுப்பு? விடை ரசாயனத்தில் இருக்கிறது. நல்ல உறுதியான பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு வேண்டும். போரின் நடுவில் அதற்குத் தட்டுப்பாடு வந்தது. மண்ணிலிருந்து கிடைக்கும் பழுப்புக்குப் பஞ்சமில்லை. ஆகவே 1941 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவம் பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறியது. 1944 ஏப்ரலில் மறுபடி பச்சை வந்தது. இம்முறை ஆலிவ் கலந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து குவியும் வண்டிகள் அந்த நிறத்தில் இருந்தன. ஒவ்வொன்றையும் பிடித்துத் திரும்ப அடித்துக்கொண்டிருக்க நேரமில்லை. பிரான்ஸின் நார்மண்டியில் இறங்கிய படையில் இரண்டு நிறங்களும் கலந்தே இருந்தன.

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் இந்தப் பழுப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். எஞ்சியிருக்கும் பெயின்ட்டையும் அப்படியே நம்பிவிட முடியாது. பெயின்ட்டில் நிறத்தூளும் அதைப் பிடித்துவைக்கும் எண்ணெயும் இருக்கின்றன. எண்ணெய் இருட்டில் கிடந்தால் மஞ்சளிக்கும். வெயில் பட்டால் மேற்பரப்பு பொடிந்து வெளுக்கும். ஒரே டப்பாவிலிருந்து அடித்த இரண்டு தகடுகள் எண்பது ஆண்டில் இரண்டு நிறமாகிவிடும். ஆகவே இருக்கைக்கு அடியிலும் பெயர்ப்பலகைக்குப் பின்னாலும் தேடுகிறார்கள். பலவற்றை ஒப்பிட்ட பிறகே நிறத்தை முடிவு செய்கிறார்கள்.

சுரண்டும்போது சிலசமயம் எழுத்து வரும். ராணுவம் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எழுத்தோடு எண் கொடுத்தது. லாரிக்கு ‘எல்’, பீரங்கி இழுவை வண்டிக்கு ‘எச்’, மோட்டார் சைக்கிளுக்கு ‘சி’. நிறம் மாற்றியபோது எண்ணை மட்டும் சுற்றி மறைத்துவிட்டு அடித்த வண்டிகளும் உண்டு. அவற்றில் எண்ணைச் சுற்றி மட்டும் பழைய நிறம் சட்டம் போட்டதுபோல் நிற்கும். சேஸிஸ் எண்ணிலிருந்து கொள்முதல் ஒப்பந்தத்தையும், ஒப்பந்தத்திலிருந்து எண் வரிசையையும் பிடிக்கலாம். ஆனால் அந்த வண்டி எந்தப் படைப்பிரிவில் இருந்தது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் மழை பெய்ததும் இருக்கும், சண்டை நடந்ததும் இருக்கும். வண்டி எண் அநேகமாக இருக்காது. யார் குதிரையின் பெயரை எழுதினார்கள், லாரியின் எண்ணை எழுத?

பெயின்ட்டில் ஒரு படைச்சின்னம் தெரிந்துவிட்டால் அதிர்ஷ்டம். சிவப்புக் கழுகு என்றால் நான்காவது இந்தியக் காலாட்படை டிவிஷன். வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டது. மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் 12ஆவது ஃபீல்டு கம்பெனி அதில்தான் இருந்தது. பாலைவன எலி என்றால் ஏழாவது கவச டிவிஷன். அந்த எலியின் புகழால், எந்தப் பிரிவில் ஓடியது என்று தெரியாத வண்டிகளுக்கும் எலியை வரைந்துவிடுகிற ஆசை பலருக்கு உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. தெரியாத இடத்தைத் தெரியாததாகவே விட்டிருக்கும் வண்டியைப் பார்த்தால் உரிமையாளர் மேல் மரியாதை வருகிறது.

இனி மரைக்கு வருவோம். நம்மூரில் கிறுக்குப் பிடித்தவனை ‘மரை கழன்றவன்’ என்போம். இந்த வேலையில் இறங்கியவர்களுக்கு அது இரண்டு வகையிலும் பொருந்தும். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த மரைதான் பிரிட்டனின் மரை. அதன் பள்ளம் 55 பாகைக் கோணத்தில் வெட்டப்பட்டது. உச்சியும் அடியும் உருண்டிருக்கும். அமெரிக்க மரைக்கு 60 பாகை. உச்சி தட்டையாக இருக்கும். கால் அங்குல போல்ட்டில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 20 சுற்று. ஒன்றில் ஒன்று ஏறும், ‘சேர்ந்துவிட்டது’ என்று தோன்றும், ஆனால் சரியாகப் பொருந்தாது. அரை அங்குலத்தில் பிரிட்டனுக்கு 12 சுற்று, அமெரிக்காவுக்கு 13, ஏறவே ஏறாது. ஸ்பானர் இன்னும் வேடிக்கை. விட்வொர்த் ஸ்பானரில் பொறித்த எண் அதன் வாயின் அகலம் அல்ல, போல்ட்டுத் தண்டின் விட்டம். போதாக்குறைக்கு, எஃகை மிச்சப்படுத்தப் போர்க்காலத்தில் போல்ட்டுத் தலையை ஓர் அளவு சிறிதாக்கினார்கள். பழைய ஸ்பானர் புதிய தலையில் வழுக்கும்.

வட ஆப்பிரிக்காவில் ஒரே பட்டறைக்கு இங்கிலாந்து மோரிஸ், கனடா ஷெவர்லே, அமெரிக்க டாங்கி மூன்றும் வரும். மணற்காற்றில் நிற்கும் மெக்கானிக்கின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கைக்கு எட்டிய நட்டு சேராததால் வண்டி நின்ற கதைகள் சேர்ந்து சேர்ந்துதான், 1948இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. மீட்பவருக்கு இதனால் ஒரு நன்மை: போல்ட்டே சாட்சி சொல்லும். மேட்டடாரில் அந்தப் பொது மரை போல்ட் இருந்தால், அது போருக்குப் பிறகு யாரோ முறுக்கியது.

போல்ட்டில் உயிரும் போகலாம். இந்த வண்டிகளில் சில வகைச் சக்கரங்கள் இரண்டு பாதியாகச் செய்து சேர்த்துக் கட்டப்பட்டவை. காற்று அடைத்த டயரோடு, அந்தப் பாதிகளைப் பிணைக்கும் நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் வெடித்துப் பிரியும். அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்து எச்சரித்தார்கள். இன்றைய மீட்பாளர் அழகுக்காக எல்லாவற்றையும் பச்சையாக்கினால், அடுத்து டயர் மாற்றுகிறவருக்குக் குழி வெட்டுகிறார் என்றே பொருள்.

மேட்டடாரின் கேபின் வெளியே பார்த்தால் இரும்பு. உள்ளே ஆஷ் மரச்சட்டம். தகடு நிற்கும், மரம் உள்ளுக்குள் உளுத்துப்போயிருக்கும். தச்சர் உளுத்த துண்டையே அளவுக்கு வைத்துக்கொண்டு புதிது செதுக்குகிறார். அளவு எடுக்கத் தவறி எரித்தவர்கள் பிறகு வருந்தியிருக்கிறார்கள். பெட்ரோல் வண்டிகளுக்கு வேறு தலைவலி. 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம்வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை அரிக்கும். எத்தனாலைப் பற்றி நம்மூர்ப் பெட்ரோல் பங்கில் கேட்கும் புலம்பலையே குவாட் சொந்தக்காரரும் புலம்புகிறார்.

யாரும் சுரண்டாத வண்டிகளும் உண்டு. செங்கடலில், ராஸ் முகமது முனைக்கு அருகே சுமார் 30 மீட்டர் ஆழத்தில் ‘திசில்கோர்ம்’ என்ற சரக்குக் கப்பல் கிடக்கிறது. 1941 ஜூனில் கிளாஸ்கோவிலிருந்து கிளம்பி, மத்தியதரைக் கடல் ஆபத்து என்பதால் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு எகிப்துக்கு வந்தது. அக்டோபர் 6ஆம் தேதி ஜெர்மன் விமானம் குண்டு போட்டது. ஒன்பது பேர் இறந்தார்கள். கிடங்கில் பெட்ஃபோர்டு லாரிகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. லாரிகளின் பின்தட்டில் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கி அடுக்கியபடி. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிகள், தொழிற்சாலை அனுப்பிய கோலத்திலேயே. மறுபூச்சு அடிக்க அங்கே யாருமில்லை. உப்புநீர் மட்டும் ஆண்டுதோறும் கொஞ்சம் தின்றுகொண்டிருக்கிறது.

இன்னொன்று, லிபியப் பாலைவனத்திலிருந்து எடுத்துவந்த ஷெவர்லே. ரால்ஃப் பாக்னோல்டு 1940இல் தொடங்கிய நீண்டதூரப் பாலைவனக் குழுவின் லாரி அது. பாக்னோல்டு ராணுவ அதிகாரி மட்டுமல்ல, மணல்மேடுகள் காற்றில் எப்படி நகர்கின்றன என்று ஆராய்ந்து நூலெழுதியவர். அவருடைய குழுவின் லாரிகளில் ரேடியேட்டர் கொதித்து வெளியேறும் ஆவியை ஒரு குழாய் பக்கத்திலிருக்கும் தண்ணீர் டப்பாவுக்குக் கொண்டுபோகும். ஆவி அங்கே குளிர்ந்து நீராகும். எஞ்சின் ஆறினால் ரேடியேட்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, அதே நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டும் வீணாகாது. தண்ணீர் எடுக்க நூற்றுக்கணக்கான மைல் போகவேண்டிய இடத்தில் இந்த ஏற்பாட்டால்தான் அவர்கள் உயிர் பிழைத்தார்கள்.

பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அந்த ஷெவர்லேக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. மணல் தேய்த்த தகடும், வெயில் தின்ற நிறமும், துருவும் கண்டெடுத்தபடியே நிற்கின்றன. அதன் எஞ்சினைக் கிளப்ப யாரும் முயல்வதில்லை. வெள்ளைப் பொட்டைத் தேடி அதன் அடியில் படுப்பவரும் இல்லை.