நிலத்தடி ஆர்க்கிட்

நிலத்தடி ஆர்க்கிட் (ரைசாந்தெல்லா கார்ட்னெரி) என்பது மேற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் இயற்கையாக வளரும் ஆர்க்கிட் இனமாகும். இதற்குப் பச்சை இலைகள் கிடையாது. முளைப்பது, வளர்வது, பூப்பது ஆகிய அனைத்தும் மண்ணுக்கு அடியிலேயே நடைபெறுகின்றன.

கண்டுபிடிப்பு

1928ஆம் ஆண்டு, காரிகின் என்னும் ஊருக்கு அருகில் ஜாக் டிராட் என்ற விவசாயி, நிலத்தில் ஒரு விரிசலையும் அங்கிருந்து எழுந்த நறுமணத்தையும் கவனித்தார். மண்ணை விலக்கியபோது இந்தப் பூ வெளிப்பட்டது. அதே ஆண்டில் தாவரவியலாளர் ரிச்சர்ட் ரோஜர்ஸ் இதற்கு அறிவியல் பெயரிட்டார். 'ரைசா' என்றால் கிரேக்க மொழியில் வேர். 'ஆந்தோஸ்' என்றால் மலர். 'கார்ட்னெரி' என்பது தாவரவியலாளர் சார்லஸ் கார்ட்னரைக் குறிக்கும்.

வாழிடம்

குளிர்காலத்தில் மழையும் கோடையில் கடும் வறட்சியும் கொண்ட கோதுமை விளையும் பகுதியே இதன் தாயகம். அங்கு மெலலூக்கா என்னும் புதர்ச் செடிகள் அடர்ந்து வளர்கின்றன. அவற்றின் அடியில், உதிர்ந்த இலைச் சருகுகள் மூடிய மண்ணில் இந்த ஆர்க்கிட்டின் சதைப்பற்றுள்ள வெண்ணிறக் கிழங்கு இருக்கும்.

உணவு பெறும் முறை

பச்சையம் இல்லாததால் இத்தாவரத்தால் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாது. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை, மெலலூக்காவின் வேரையும் ஆர்க்கிட்டையும் இணைக்கிறது. புதர் சூரிய ஒளியில் தயாரிக்கும் சர்க்கரையின் ஒரு பகுதி பூஞ்சைக்குச் செல்கிறது. பூஞ்சையிடமிருந்து ஆர்க்கிட் அதைப் பெறுகிறது. அடையாளமிட்ட கார்பனைப் புதருக்குக் கொடுத்த ஆய்வாளர்கள், அது ஆர்க்கிட்டைச் சென்றடைவதை உறுதி செய்தனர்.

ஒளிச்சேர்க்கையைக் கைவிட்ட பின்னும் இதன் செல்களில் பசுங்கணிகங்கள் எஞ்சியுள்ளன. ஆனால் பச்சைத் தாவரங்களின் பசுங்கணிகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் இருக்க, இதில் 37 மட்டுமே உள்ளன என்பது 2011இல் தெரியவந்தது.

பூவும் கனியும்

குளிர்காலத்தில் கருஞ்சிவப்பு நிறச் சிறு பூக்கள் பல ஒரே கொத்தாகப் பூக்கின்றன. வெளிர் நிறப் பூவடிச் செதில்கள் அவற்றைச் சூழ்ந்திருக்கும். சருகுகளுக்கு அடியில் நடமாடும் சிறு பூச்சிகளே மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன. பெரும்பாலான ஆர்க்கிட்களின் விதைகள் தூசி போலக் காற்றில் பரவும். இதுவோ சதைப்பற்றான கனிகளைத் தருகிறது.

பாதுகாப்பு

கோதுமை சாகுபடிக்காகப் பரந்த அளவில் புதர்க்காடுகள் அழிக்கப்பட்டன. எஞ்சிய திட்டுகளை வறட்சியும் மண்ணின் உவர்த்தன்மையும் பாதிக்கின்றன. இன்று மிகச் சில செடிகளே அறியப்பட்டுள்ளன. அழியும் ஆபத்திலுள்ள இனமாக இது சட்டப் பாதுகாப்புப் பெற்றுள்ளது. வெளியே தெரியாத செடி என்பதால், புதர்களின் கீழ் மண்ணைக் கையால் மெல்ல விலக்கித்தான் தேட வேண்டியுள்ளது.

ஆய்வுக்கூடத்தில் விதையை முளைக்கவைத்து வளர்த்தபோதும் பூஞ்சையும் மெலலூக்காவும் உடன் தேவைப்பட்டன. ஆகவே இந்த ஆர்க்கிட்டை மட்டும் தனியே பிடுங்கி வேறிடத்தில் நட்டுக் காப்பாற்ற இயலாது. புதர், பூஞ்சை, சருகு மண் ஆகியவை சேர்ந்த வாழிடம் முழுவதையும் காத்தால்தான் இதுவும் பிழைக்கும்.