உங்களுக்குத் தெரியுமா? ஃபியூஸ் போகாமலே பிளக் கருகும்!

பறித்த பச்சை ஏலக்காயில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர்தான். அது 10–12 சதவீதத்துக்கு இறங்கினால்தான் சரக்கு போடிநாயக்கனூர் ஏலத்துக்கு லாயக்கு. அதற்காகப் போடிமெட்டுக்கு மேலே மலையில் உள்ள ஏலக்காய் ஸ்டோர்களில் (காய் உலர்த்தும் கூடங்களில்) ராத்திரி முழுக்க ஃபேன் ஓடும். இப்படி மணிக்கணக்கில் நிற்காமல் கரண்ட் இழுக்கும் இடத்தில்தான் தளர்ந்த பிளக் தன் வேலையைக் காட்டும்.

10 ஆம்பியர் ஓடும் இணைப்பில் தளர்வால் அரை ஓம் மின்தடை கூடிவிட்டால், அந்த ஒரு புள்ளியில் மட்டும் 50 வாட் சூடு. ரேடியோ மெக்கானிக்கின் 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டை பிளக்குக்குள் செருகி வைத்த கதை! ஃபியூஸ் வேலையைப் பார்க்கும் எம்.சி.பி. விழாதா? விழாது. அது கண்காணிப்பது கரண்டின் அளவை. இங்கே கரண்ட் வழக்கமான அளவில்தான் ஓடுகிறது.

கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் படகுகளுக்கும் இதே தலைவலிதான். அங்கே பித்தளைப் பின்னை அரிப்பது உப்புக்காற்று. மலையில் அந்த வேலையை மழைக்கால ஈரம் பார்த்துக்கொள்கிறது.

அரை மணி நேரம் ஓடியபின் மெயினை அணைத்துவிட்டு, பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒயரைவிட பிளக் சுடுகிறதா? ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா? மீன் கவிச்சி போல வாடை வருகிறதா? ஆம் என்றால், திருகை முறுக்கிச் சமாளிப்பது வீண். ஒருமுறை நன்றாகச் சூடான சாக்கெட்டின் உள்தகடு இறுக்கத்தை இழந்துவிடும். பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.