மழைக்காலத்தில் பொங்கும் தேன்

ஜூலை பிறந்ததும் மும்பையின் செம்பூர், மாட்டுங்கா வீடுகளில் ஒரு புகார் எழும். ஊரிலிருந்து வந்த தேன் சீசாவைத் திறந்தால் 'புஸ்'ஸென்று காற்று வெளியேறுகிறது. மேலே வெள்ளை நுரை. நாக்கில் வைத்தால் லேசான புளிப்பு, கூடவே கள் வாடை. "ஏமாத்திட்டான், சர்க்கரைப் பாகு கலந்திருக்கான்" என்று தீர்ப்பாகிவிடும். நாகர்கோவில் ரயிலில் அதைப் பத்திரமாகத் தூக்கிவந்த சித்தப்பாவுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர்.

அந்த நுரையை வைத்துக் கலப்படம் என்று முடிவுகட்ட முடியாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறோமே, அந்தச் சோதனைக்கும் மதிப்பில்லை. கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படித்தான் கரையாமல் அடியில் போய் உட்காரும். சீசாவுக்குள் நடப்பது நொதித்தல். மனிதன் அறிந்த மிகப் பழைய மதுவகைகளில் ஒன்றான தேன்மது பிறக்கும் முதல் படி அது. யாரும் கேட்காமலே மும்பையின் காற்று அதைத் தொடங்கிவைத்திருக்கிறது.

தேன் சாதாரணமாகக் கெடாது. ஏன் என்பதற்கு விடை தேன்கூட்டில் இருக்கிறது. பூவிலிருந்து வரும் இனிப்புநீரில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். தேனீக்கள் அதை வாய்விட்டு வாய் மாற்றி, அறைகளில் பரப்பி, இரவெல்லாம் சிறகால் விசிறி வற்றவைக்கின்றன. தண்ணீர் 18 சதவீதம் அளவுக்குக் குறைந்ததும் மெழுகால் மூடி முத்திரை வைத்துவிடும். மிச்சமெல்லாம் பெரும்பாலும் சர்க்கரை. அவ்வளவு அடர்ந்த சர்க்கரைக்குள் விழும் நுண்ணுயிரின் உடலிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டு அது செயலிழக்கும். தேனின் அமிலத்தன்மையும், தேனீ சேர்க்கும் நொதியால் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கூடுதல் காவல்.

ஆனால் சர்க்கரையை நொதிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் எல்லாமே அடங்கிவிடுவதில்லை. அடர்சர்க்கரையைத் தாங்கும் ஜைகோசாக்கரோமைசஸ் போன்ற ஈஸ்ட்டுகள் பூவிலிருந்தும் கூட்டிலிருந்தும் தேனுக்குள் வந்து காத்துக்கிடக்கின்றன. அவை எப்போது விழிக்கும் என்பதை 1933-ல் கனடாவின் ஆய்வாளர் லாக்ஹெட் கணக்கிட்டுச் சொன்னார். தண்ணீர் 17.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனை ஈஸ்ட் இருந்தாலும் தேன் புளிக்காது. 19-ஐத் தாண்டி 20-ஐ நெருங்கினால் ஒரு கிராமில் ஒன்றிரண்டு ஈஸ்ட் இருந்தாலே ஆபத்து. இரண்டு மூன்று சதவீதத் தண்ணீரில்தான் எல்லாமே இருக்கிறது.

இப்போது மும்பைக்கு வருவோம். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதமாக இருந்தால் தேன் ஈரத்தை வாங்காது, விடாது. ஜூலையில் இங்கே ஈரப்பதம் 80-க்கு மேல். மூடியைச் சரியாகத் திருகாத சீசாவில் மேல்மட்டத் தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தேனின் பிறப்பும் சேர்ந்துகொள்கிறது. நாகர்கோவில் பக்கத்து மார்த்தாண்டம் பகுதித் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டங்களிலிருந்து வருவது. ரப்பர் மரத்தில் தேனீக்கு இனிப்பு கிடைப்பது இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில். புதுத்துளிர் விடும் மாதங்களில் அது வழிந்தோடும். அந்தத் தேனில் இயல்பாகவே தண்ணீர் கூடுதல். அறைகள் மூடப்படும் முன்பே அவசரமாக எடுத்துவிட்டால் இன்னும் கூடுதல்.

தேன் உறைவதும் ஒரு காரணம். குளுக்கோஸ் படிகமாக அடியில் இறங்கும்போது தன் பங்குத் தண்ணீரில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. மேலே நிற்கும் திரவத்தில் தண்ணீர் விகிதம் ஏறிவிடும். அடியில் கல்கண்டு போலக் கெட்டி, மேலே நீர்த்த தேன் என்று இருக்கும் சீசாதான் முதலில் பொங்கும். ஈரக் கரண்டி படாமல், இறுக மூடி வைப்பதே பாதுகாப்பு. 10 டிகிரிக்குக் கீழே ஈஸ்ட் வேலை செய்யாது என்பதால் மழைக்காலத்தில் ஃபிரிட்ஜிலும் வைக்கலாம். உறைந்தால் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. பொங்கத் தொடங்கிய சீசாவை மட்டும் இறுக்கி மூடாதீர்கள். உள்ளே சேரும் கார்பன் டை ஆக்சைடு கண்ணாடியை உடைத்துவிடும்.

அலமாரியில் பொங்கும் தேன் மதுவாக முழுமை பெறாது. சர்க்கரை அதற்கு விடாது. ஒரு கிலோ தேனை மூன்று லிட்டர் தண்ணீரில் கரைத்தால் கதை மாறும். சாக்கரோமைசஸ் என்ற ஈஸ்ட், அதாவது ரொட்டியைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட், அதில் தழைக்கும். சர்க்கரை முழுதும் தீர்ந்தால் 12 சதவீதத்தை ஒட்டி ஆல்கஹால் வரும். ஆனால் தேனில் ஈஸ்ட்டுக்கு உணவான நைட்ரஜன் மிகக் குறைவு. பசியில் வாடும் ஈஸ்ட் அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை விடும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் தொண்டையை எரிக்கும் கனமான ஆல்கஹால்கள் சேரும். மும்பையின் கோடை இதற்குத் தோதில்லை. பழந்தமிழர் தேறல் என்ற மதுவை மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்ததாகப் புறநானூறும் மலைபடுகடாமும் பேசுகின்றன. அது மலைக்காற்றில் நடந்தது.

  

வீட்டில் தேன்மது செய்யலாமா என்றால், மும்பையில் கூடாது. 1949-ல் வந்த பம்பாய் மதுவிலக்குச் சட்டம், இன்று மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில், உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. உரிமத்தோடு செய்பவர்கள் உண்டு. புனேயில் மூன்ஷைன் மீடரி 2018-லிருந்து தேன்மது விற்கிறது.

ஆனால் தேன் சேர்ந்து நொதித்த ஒன்று ஏற்கெனவே பல தமிழ் வீடுகளில் மருந்தாக இருக்கிறது: தசமூலாரிஷ்டம். பிள்ளை பெற்றவளுக்குப் பாட்டி அளந்து கொடுக்கும் அதே சீசாதான். மூலிகைக் கஷாயத்தைக் காய்ச்சி ஆறவைத்து, வெல்லமும் தேனும் கரைத்து, தாதகிப்பூவைப் போட்டு, சாடியின் வாய்க்குச் சீலைமண் பூசி மூடுவார்கள். தாதகி சஹ்யாத்ரிச் சரிவுகளில் செக்கச்செவேலென்று பூக்கும் புதர். அந்தப் பூவோடு காட்டு ஈஸ்ட்டும், சர்க்கரையை உடைக்கும் நொதியும் வருகின்றன. சாடியை நெல்குவியலுக்குள்ளோ மண்ணுக்குள்ளோ புதைத்துவைத்தது சடங்குக்காக அல்ல. இரவு பகல் வெப்பம் மாறாமல் இருந்தால்தான் ஈஸ்ட் சீராக உழைக்கும்.

ஒரு மாதம் கழித்து வைத்தியர் சாடியில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே சிறுசிறு வெடிப்பாகச் சத்தம் கேட்டால் இன்னும் நொதிக்கிறது. பிறகு எரியும் தீக்குச்சியை வாயருகே நீட்டுவார். உள்ளே தேங்கிய கார்பன் டை ஆக்சைடில் சுடர் அணைந்தால் திரும்ப மூடு. நின்று எரிந்தால் வடிகட்டு. கருவி எதுவும் இல்லாத காலத்தில் இதைவிடத் துல்லியமான வாயுச் சோதனை எனக்குத் தெரியவில்லை. இப்படித் தானாக உண்டான ஆல்கஹால் இத்தனை சதவீதம் என்று இன்றைய அரிஷ்ட லேபிளிலேயே அச்சிட்டிருக்கும்.

நொதித்தல் என்றாலே விஷச்சாராயம் நினைவுக்கு வரும் நகரம் இது. முழு மதுவிலக்குக் காலத்தில் தாராவியை ஒட்டிய சதுப்பு நிலங்களில் வெல்லமும் நவச்சாரமும் ஊறப்போட்டுச் சாராயம் காய்ச்சினார்கள். அந்தப் பழி பல தலைமுறைக்கு அங்குள்ள தமிழர்மேல் ஒட்டியது. உயிர்களைக் கொத்தாகப் பறித்தது ஈஸ்ட் அல்ல. 2015 ஜூனில் மலாடு மால்வணியில் நூறுக்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் கொன்றது மெத்தனால் என்ற தொழிற்சாலை இரசாயனம். தேன் நொதிக்கும்போது மெத்தனால் அநேகமாக உண்டாவதே இல்லை. பழங்கள் நொதிக்கும்போது தோலின் பெக்டினிலிருந்து வருவதும் சொற்பம். சாவுக் கணக்கில் வருவது, ஆலைக்குப் போகவேண்டிய கேனை யாரோ சாராயத்தில் கவிழ்த்ததுதான்.

மெத்தனால் குடித்த உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது பார்வை நரம்பைத் தாக்குகிறது. இதற்கு அரை நாள், சிலசமயம் ஒரு நாள்கூட ஆகும். அதுவரை வெறும் போதை என்றே வீட்டார் நினைப்பார்கள். மருத்துவமனையில் ஃபோமிபிசோல் தருவார்கள், கிடைக்காவிட்டால் அளந்து எத்தனால் தருவார்கள். கல்லீரல் நொதி எத்தனாலை முதலில் பிடித்துக்கொள்வதால் மெத்தனால் விஷமாக மாறாமல் உடலிலிருந்து வெளியேற்றப்படும். குடித்தவர் மறுநாள் கண் மங்குகிறது, எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்றால், தூங்கினால் தெளிந்துவிடும் என்று படுக்கவிடாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.